ஸ்டேஜ் முப்பத்தேழு

டிக்கெட் மெஷின் முதன்முதலாய் வந்த வருசம்
டெப்போவில் தட்டச்சு நான்.
இருநூற்றுப் பன்னிரண்டு நிறுத்தங்களை
அதன் வயிற்றுக்குள் ஏற்றச் சொன்னார்கள்.
ஒரு பெயருக்குப் பத்து எழுத்து,
இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேர்த்தி.

பொட்டிபாளையம் பிரிவு
என்று அடித்தேன்.
கடைசி எழுத்தைத் துப்பிவிட்டது.
பொட்டிபாளையம் பிரி
என்று மிஞ்சியது.
ஓர் ஊரைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா?
மேனேஜர் அவிநாசியப்பன் எட்டிப் பார்த்தார்.
"காசு சரியா விழுகுதா, அதப் பாரும்மா."

பாளையம் என்றால் படை தங்கிய இடமாம்.
படை போய்விட்டது,
பெயரை மட்டும் அவிழ்த்துச் சுருட்ட மறந்துபோய்.
வலசு என்றால்
பஞ்சத்துக்கு எங்கிருந்தோ வந்து இறங்கியவர்கள்.
எங்கிருந்து என்று
எந்த வலசும் வாய் திறப்பதில்லை.
புதூர் மட்டும் பதினொன்று என் பட்டியலில்.
ஒன்றுகூடப் புதிதில்லை.

முப்பத்தேழுக்கு நேரே பெயரே இல்லை.
ஊதியூருக்கு முன்னால்,
கிளுவை வேலி முடிந்து
தேங்காய்க் களம் தொடங்கும் இடம்.
பழைய சீட்டில் வெறும் எண்.
கண்டக்டர் குப்புராசு கலெக்சன் கட்ட வந்தபோது கேட்டேன்.
"முன்னால வேலாமரத்து ஸ்டாப்புன்னோமுங்க.
ரோட்ட அகலம் பண்றப்ப மரத்த எடுத்துட்டாங்க.
இப்ப ஆரு பேரு சொல்றாங்க?
பக்கத்துல வந்ததும்
இங்க, இங்கன்னு கத்துவாங்க.
நிறுத்துவோமுங்க."

மணி ஐந்து நாற்பது.
ஆறு மணிக்கு என் பஸ்.
அடித்தேன்:
இங்க.
மூன்றே எழுத்து. ஏழு மிச்சம்.

மறுநாள் காலையிலிருந்து மெஷின் கிழித்துக் கொடுத்தது:
காங்கேயம் முதல் இங்க வரை, ஒன்பது ரூபாய்.

கொஞ்ச நாள் சிரித்தார்கள்.
நூல் மில்லுக்கு வந்த ஒடிசாப் பையன்கள்தான்
அதை முதலில் நம்பியவர்கள்.
சீட்டைக் காட்டிப் படிக்கச் சொல்லி,
ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு
இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னார்கள்: இங்கா.
அந்த நெடில் அவர்கள் போட்டது.
அடுத்த வருசம் இங்கா பேக்கரி.
அப்புறம் ஒரு கொடிக்கம்பம்,
பஞ்சர் கடை,
குடிநீர்த் திட்டத்துப் பச்சைப் பலகை.
சைட் போட்ட மாணிக்கசுந்தரம்
சிமென்ட் வளைவே கட்டிவிட்டார்:
இங்கா நகர். அங்கீகாரம் பெற்ற மனைகள்.

போன வைகாசியில்
கோயில் நோட்டீஸ் ஒன்று கைக்கு வந்தது.
முந்நூறு வருசத்துக்கு முன்
இங்கப்பன் என்பவர்
பட்டியாட்டைக் காக்கச்
சிறுத்தையோடு கட்டிப் புரண்ட மண்ணாம்.
அவர் பெயர்தான் மருவி, மருவி.
படமும் போட்டிருந்தார்கள்.
மீசை நன்றாகவே அமைந்திருந்தது.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.
சொன்னால் இங்கப்பன் பாவம்.
அந்தச் சிறுத்தையும் பாவம்.
அதோடு எனக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது,
இந்தப் பக்கத்துப் பாளையங்களிலெல்லாம்
மெய்யாகவே படை தங்கியதா,
இல்லை, பெயர் எழுத உட்கார்ந்த யாருக்கோ
அன்றைக்கும் பொழுதுசாய
ஒரு வண்டி காத்திருந்ததா.

வேலை ஓய்ந்த பிறகு
போன செவ்வாய்க்கிழமை
தாராபுரம் பஸ்ஸில் ஏறினேன்.
அந்தப் பேக்கரியில் ஒரு தேங்காய் பன் தின்ன வேண்டும்,
வேறு காரியமில்லை.
கண்டக்டர் சின்னப் பையன்.
கையில் புது மெஷின்,
அதில் எழுத்துக்குக் கணக்கே இல்லையாம்.

"எங்கீங்க்கா?"

"இங்க."

குனிந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.
காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய லாரி
எங்களை மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது,
முடியவே முடியாத வெள்ளையாய்.

"இங்க இன்னும் வரலீங்களே" என்றான்.
"அடுத்ததுங்க."